சுட்டெண் இல்லாத சான்றிதழ்



ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் சென்றும், விண்ணப்பப் படிவம் நிரப்புவதற்கும் கடிதம் எழுதுவதற்கும் என் வீட்டுப் படியேறி வருவோர் குறையவில்லை. பதுளையிலே குடியிருக்கும் ஒரு பழைய வாத்தியாருக்கு இது கிடைத்தற்கரிய பேறு என்றே நான் கருதுகின்றேன். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாட் காலை, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தனர். தாய் கொழுந்து பறிப்பவர். மகனுக்குப் பத்தொன்பது வயதிருக்கலாம். மழையில் நனையாதபடி பொலித்தீன் பைகள் இரண்டுக்குள் வைத்துச் சுற்றிய ஒரு பெரிய கடித உறை தாயின் கையில் இருந்தது.

உறைக்குள் இருந்ததை வெளியே எடுத்தபோது, உள்ளதைச் சொல்வதானால், அதன் அழகில் ஒரு கணம் நானே மயங்கினேன். தடித்த காகிதம், பொன்னிற முத்திரை, சிவப்பு நாடா, சிறகு விரித்த கழுகின் உருவம், அடியிலே மூன்று கையொப்பங்கள். அமெரிக்காவிலுள்ள உயர்நிலைப் பள்ளியொன்றிலே அந்தப் பையன் கல்வி பயின்று தேறினான் என்பது அதன் வாசகம். பாடங்கள் எட்டு. எட்டிலும் அதிவிசேட சித்தி. அவற்றுள் அமெரிக்க வரலாறும் ஒன்று.

"தம்பி, அமெரிக்க வரலாற்றிலே என்ன படித்தாய்?" என்று கேட்டேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒண்ணும் படிக்கல்லீங்க சேர். போன்ல கேள்வி வந்துச்சு. அடையாளம் போட்டு அனுப்பினேன். பிழைன்னா சரியான விடைய அவங்களே காட்டினாங்க" என்றான்.

விடயம் இதுதான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் அவன் இருமுறை கணிதத்திலே தவறியவன். மூன்றாம் முறை எழுத மனம் வராது சோர்ந்திருந்த வேளையில், அவனுடைய கையடக்கத் தொலைபேசிக்கு ஒரு விளம்பரம் வந்தது. முப்பது நாளில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ், வீட்டிலிருந்தபடியே படிக்கலாம், உலகெங்கும் செல்லும். கட்டணம் இரண்டு தவணையில் 60,000 ரூபா. தாய் சீட்டுப் பணத்தை எடுத்தார். போதாததற்குக் காதுத் தோட்டை அடகு வைத்தார். சான்றிதழும் வந்து சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு பயிற்சி நிலையத்துக்குப் பையன் சென்றான். அங்கிருந்த எழுதுவினைஞர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பொன் முத்திரையை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டார்: "உம்முடைய சுட்டெண் என்ன?"

அந்தக் காகிதத்திலே எல்லாம் இருந்தன. சுட்டெண் மாத்திரம் இருக்கவில்லை.

60,000 ரூபா என்றால் என்ன என்பதைத் தோட்டத்துக் கணக்கிலேதான் சொல்லவேண்டும். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கின்படி அது ஏறக்குறைய நாற்பத்தைந்து நாட்பெயர். கொழுந்து நிறை குறைந்து அரைப்பெயர் விழுந்த நாள்களையும், மழையால் வேலையில்லாத நாள்களையும் சேர்த்துப் பார்த்தால், அந்தத் தாய் ஏறக்குறைய மூன்று மாதம் மலையேறி இறங்கிய உழைப்பு அந்தக் கழுகின் சிறகுக்குள்ளே போயிற்று.

இத்தகைய நிலையங்களை ஆங்கிலத்தில் 'டிப்ளோமா மில்' என்பார்கள். சான்றிதழ் ஆலை என்று நாம் சொல்லலாம். ஆலை என்ற சொல்லைத் தேயிலை நாட்டவர் எளிதில் ஏற்கமாட்டார். நமது ஸ்டோருக்குள்ளே கொழுந்து போகாமல் தூள் வெளிவருவதில்லை. வாட்டுதல், அரைத்தல், புளிக்கவைத்தல், உலர்த்தல், சலித்தல் என்று ஒவ்வொன்றுக்கும் உரிய நேரத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். இந்த ஆலைகளிலோ உள்ளே போவது பணம். வெளியே வருவது காகிதம். இடையிலே வேறு எந்த வேலையும் நடப்பதில்லை.

இது நமது நாட்டில் மட்டும் நிகழும் மோசடி என்று எவரும் எண்ணவேண்டாம். பெரிய தேசங்களிலும் படித்தவர் மத்தியிலும் இது நடந்திருக்கின்றது. பெல்போர்ட் உயர்நிலைப் பள்ளி என்ற பெயரில் இணையத்திலே ஒரு நிலையம் இயங்கிவந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள நீதிமன்றமொன்றில் அதற்கெதிராக 2009ஆம் ஆண்டில் வழக்குத் தொடரப்பட்டது. ஏமாந்த 30,500 பேர் சார்பிலான அந்த வழக்கில் 2012இலே தீர்ப்பு வந்தது. இழப்பீடு 2 கோடியே 27 இலட்சம் டொலர். ஆனால் அந்தப் பள்ளிக்குக் கட்டடம் இல்லை, ஆசிரியரும் இல்லர். பாகிஸ்தானின் கராச்சி நகரிலிருந்த அக்ஸாக்ட் என்ற கணினி நிறுவனம் இத்தகைய பொய்ப் பள்ளிகளையும் பொய்ப் பல்கலைக்கழகங்களையும் நடத்தியது என்பதை 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியது. அந்த வலையில் 370 வரையான இணையத்தளங்கள் இருந்தன என்று அப்பத்திரிகை எழுதிற்று. தீர்ப்புக்குப் பின்னரும் சற்றே மாறிய இணைய முகவரியிலே பெல்போர்ட் கடை திறந்திருந்தது என்பதும் அதே செய்தியிற் கண்டது. நாற்சந்தியிலுள்ள கடையை மூடினால் மூடியதுதான். இணையத்திலோ ஓர் எழுத்தை மாற்றி மறுநாளே திறந்துவிடலாம்.

2014ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு புளோரிடா மாநிலத்திலே மற்றொரு கூட்டத்துக்கெதிராக வழக்குத் தொடுத்தது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் ஒன்றை 200 முதல் 300 டொலர் வரையில் விற்று, அக்கூட்டம் 1 கோடியே 10 இலட்சம் டொலருக்கு மேற் சேர்த்திருந்தது. அங்கு 'பரீட்சை' நடந்த விதம்தான் என்னை வியக்கவைத்தது. நேர எல்லை இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, பல விடைகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாக்கள், தவறினால் சரியான விடை அடையாளமிடப்பட்டு மீண்டும் முன்னே வரும். பசறைப் பையன் தலைகுனிந்து சொன்னானே, அதே கதைதான். அவனை ஏமாற்றியவர் யார் என்று எனக்குத் தெரியாது; அவனுக்கும் தெரியாது. ஆயினும் சரக்கு ஒன்றே என்பதில் ஐயமில்லை.

அமெரிக்காவில் ஏமாந்தவரும் நம்மவரைப் போன்றவரே என்பதைச் சொல்லவேண்டும். அவருட் பலர் வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பித்த அன்றுதான் தம் கையிலிருப்பது வெறுங்காகிதம் என்று அறிந்தனர். வேண்டுமென்றே போலி வாங்குவோர் வேறு. நல்லதென்று நம்பி வாங்குவோர் வேறு. முதல் வகையாருக்கு இந்தப் பேச்சினால் யாதொரு பயனுமில்லை.

நம்முடைய மக்கள் ஏன் இதில் இத்தனை எளிதாக அகப்படுகின்றார்கள்? அறியாமை என்று ஒரு சொல்லிலே சொல்லிவிட்டு நகர்வோரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகின்றது. காகிதத்தின் பெறுமதியை மலையகத் தமிழரைப் போல் அறிந்தவர் இந்நாட்டிலே வேறெவர்? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவரானோம். அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தபோது, இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்டு என்றார்கள். பிறப்புப் பதிவில்லை என்று ஒருவருடைய மனு தள்ளப்பட்டது. பெயரில் ஓரெழுத்து மாறியிருக்கின்றது என்று இன்னொருவருடைய மனு திரும்பிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமரும் செய்த ஒப்பந்தத்திலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மைத் தலையெண்ணிப் பங்கிட்டார்கள். எஞ்சியோரின் பிரச்சினை முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒரு காகிதம் இல்லாமையால் வாக்கிழந்து, குடும்பம் பிரிந்து, கப்பலேறிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். முத்திரை குத்திய காகிதத்தைக் கண்டால் இவர்கள் கைகூப்பாது வேறென்ன செய்வார்கள்?

கல்வியின் கதையும் அத்தகையதே. 1945இலே இந்நாட்டில் இலவசக் கல்வி பிறந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வேலிக்கு வெளியே நின்றன. 1970களின் பின்னரே அரசு அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இன்றும் மடுல்சீமை, லுணுகலை, பூனாகலை, கொஸ்லந்தை என்று உள்ளே போகப் போக, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியரைத் தேடவேண்டியிருக்கின்றது. ஆசிரியர் இல்லாத வகுப்பிலே கணிதத்தில் தவறிய பிள்ளை, தவறு தன்னுடையதே என்று எண்ணிக்கொள்கின்றது. அந்த வெட்கத்தைத்தான் இந்த ஆலைகள் விலைக்கு வாங்குகின்றன. 'பரீட்சை இல்லை' என்ற இரண்டு சொற்கள், இருமுறை தவறிய பிள்ளையின் காதிலே தேனாகப் பாயாதா?

தூரத்திலிருந்து கற்பதே மோசம் என்று எவரும் விளங்கிக்கொள்ளவேண்டாம். லண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு முதல் வெளிவாரி மாணவருக்குப் பட்டம் வழங்கி வந்திருக்கின்றது. இந்நாட்டிலே எத்தனையோ ஆசிரியர் பகலில் வகுப்பெடுத்து, இரவில் விளக்கெரித்து, தபாலில் வந்த பாடங்களைப் படித்துப் பட்டதாரிகளாயினர். இந்த வானொலியும் ஒரு காலத்தில் பாடசாலைகளுக்கென்று பாடங்களை ஒலிபரப்பியதுதானே? 2020, 2021ஆம் ஆண்டுகளிலே பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சமிக்ஞை கிடைக்கும் இடம் தேடிப் பிள்ளைகள் தேயிலைச் சரிவுகளின் உச்சிக்கு ஏறி நின்று பாடம் கேட்டதையும் நாம் கண்டோம். பாடம் எந்த வழியாகவும் வரலாம். தபாலிலும் வரலாம், வானொலியிலும் வரலாம், கையடக்கத் தொலைபேசியிலும் வரலாம். பரீட்சைதான் அப்படி வருவதில்லை. லண்டன் பட்டத்துக்குப் படித்தவர் பாடத்தை வீட்டிலே படித்தாலும், பரீட்சைக்கு மண்டபத்திலே மேற்பார்வையாளர் முன்னிலையில் அமர்ந்துதான் எழுதினார். கற்பிப்பவர் ஒருவர், சோதிப்பவர் மற்றொருவர். விற்பவனே நிறுத்து, விற்பவனே தரமும் சொன்னால் அந்தத் தராசை யார் நம்புவார்?

ஆகவே, இணையவழி உயர்நிலைக் கல்வி என்று எவராவது சொன்னால், பெற்றோர் முதலிற் கேட்கவேண்டியது கட்டணம் எவ்வளவு என்பதன்று. பரீட்சையை நடத்துவது யார், எந்த மண்டபத்தில், என் பிள்ளைக்குச் சுட்டெண் கொடுப்பது யார் என்பதே கேள்வி. நமது நாட்டிலே சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் நடத்துவது பரீட்சைத் திணைக்களம் ஒன்றே. பாடசாலை மூலமாகத் தோற்றலாம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம். வகுப்பு எங்கே நடந்தாலும், எவர் நடத்தினாலும், சான்றிதழ் அங்கிருந்துதான் வரவேண்டும். அந்தச் சான்றிதழின் முழுப் பெயரைக் கவனியுங்கள்: கல்விப் பொதுத் தராதரப் பத்திரம். தராதரத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் பத்திரம். வேலை கொடுப்பவரோ வெளிநாட்டுத் தூதரகமோ ஐயுற்றால், சுட்டெண்ணைக் கொண்டு திணைக்களத்திடம் உண்மை அறியலாம். வெளிநாட்டுக்கென்று சான்றிதழை உறுதிப்படுத்தும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவும், கல்விச் சான்றிதழ்களுக்குத் திணைக்களத்தின் உறுதிப்பாட்டையே நாடி நிற்கின்றது. பொன் முத்திரையை எந்த அச்சகமும் அடித்துத் தரும். கேட்பவனுக்குப் பதில் சொல்ல ஒரு பதிவேடு பின்னால் இருக்கவேண்டும்.

பிறநாட்டுப் பரீட்சைகளும் உண்டு. லண்டன் சாதாரண தரம் என்று நாம் பொதுவாக வழங்கும் எடெக்ஸெல், கேம்பிறிட்ஜ் பரீட்சைகள் உண்மையானவை. பிரிட்டிஷ் கவுன்சில் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையங்களில், அடையாளத்தைக் காட்டி, மண்டபத்தில் அமர்ந்து எழுதுவன அவை. ஒரு தனியார் நிலையம் அவற்றுக்குப் பிள்ளைகளை இணையவழியிலே தயார்செய்தால் அதிற் குற்றமில்லை. கட்டணம் தாங்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் கேம்பிறிட்ஜ், ஒக்ஸ்போர்ட், லண்டன் என்ற சொற்களைப் பெயரிலே ஒட்டிக்கொள்வதற்கு எவருடைய அனுமதியும் வேண்டாம் என்று எண்ணுவோர் பலர். பெயரிலே ஊர் இருப்பதனால் அந்த ஊர் இவர்களை அறியும் என்று கொள்ளலாகாது.

'அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்ற உயர்நிலைப் பள்ளி' என்றொரு விளம்பரத்தைக் கண்டால், அந்த வாக்கியமே ஐயத்துக்கு இடமானது. அமெரிக்காவின் மத்திய அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்குவதில்லை. பள்ளிக் கல்வி அங்கே மாநிலங்களின் பொறுப்பு. இந்த ஆலைகள் இன்னொரு தந்திரமும் செய்யும். தமக்கு அங்கீகாரம் கொடுக்கவென்று ஓர் 'உலக அங்கீகாரச் சபை'யையும் தாமே உருவாக்கிக்கொள்ளும். சபையின் இணையத்தளத்துக்குப் போனால் பள்ளியைப் புகழ்ந்திருக்கும்; பள்ளியின் தளத்துக்குப் போனால் சபையைப் புகழ்ந்திருக்கும். மாமனுக்கு மருமகன் சாட்சி. மருமகனுக்கு மாமன் சாட்சி!

உள்ளூர் விளம்பரங்களிலே நான் அடிக்கடி காணும் சொற்றொடர் 'அரசாங்கத்தினால் பதிவு செய்யப்பட்டது' என்பது. இது பொய்யென்றும் சொல்லமுடியாது, மெய்யென்றும் சொல்லமுடியாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் எவரும் ஒரு கம்பெனியைப் பதிவு செய்யலாம். பாத்திரம் விற்பதற்கும் பதிவு செய்யலாம். பாடம் விற்பதற்கும் பதிவு செய்யலாம். அந்தப் பதிவிலக்கம் வியாபாரத்துக்குரியது. கல்வியின் தரத்தைப் பற்றி அது எதுவும் கூறாது. தொழிற்பயிற்சி நிலையமாயின், 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிலே அது பதிவு பெற்றிருக்கவேண்டும். அங்கும் ஒரு நுட்பம் உண்டு. நிலையத்தின் பதிவு வேறு. ஒவ்வொரு பாடநெறிக்கும் உரிய தராதர அங்கீகாரம் வேறு. ஒரு பாடநெறிக்குப் பெற்ற அங்கீகாரத்தைச் சுவரிலே மாட்டிவைத்து, பத்துப் பாடநெறிகளுக்குப் பணம் வாங்குவோரும் இருக்கக்கூடும். பிள்ளை சேரப்போகும் பாடநெறியின் பெயரைச் சொல்லி ஆணைக்குழுவிடமே விசாரிப்பது நல்லது. விசாரிக்கப்போகின்றேன் என்று சொன்னதும் முகம் மாறுபவரிடமும், இன்றைக்குள் பணம் கட்டினால் பாதிக் கட்டணம் என்று அவசரப்படுத்துபவரிடமும் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். பரீட்சைத் திணைக்களம் எவருக்கும் கழிவு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவும் 'செய்யாதே' என்ற பாடம். பிள்ளை பின் என்னதான் செய்வது என்று தாய் கேட்டால், பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

கணிதத்திலே தவறியவர், தவறிய அந்த ஒரு பாடத்துக்கு மாத்திரம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம். எல்லாப் பாடங்களையும் மீண்டும் எழுதவேண்டும் என்று எண்ணி ஒதுங்கியிருக்கும் பிள்ளைகள் பலரை நான் கண்டிருக்கின்றேன். தமிழ்மொழிப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்திலே இலவசமாக வைத்திருக்கின்றது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற தளத்திலே மும்மொழியிலும் பாடங்கள் உள்ளன. இவற்றுக்குக் கட்டணமில்லை. இணையவழிக் கல்வி என்றால் நம் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியவை இவையே. விளம்பரம் செய்யாத பொருளை நாம் மதிப்பதில்லை. அது வேறு கதை. பாடசாலையை விட்டவருக்கென்று தேசிய கல்வி நிறுவகம் திறந்த பாடசாலைத் திட்டத்தையும் நடத்தி வந்திருக்கின்றது.

இன்னுமொரு வழி 2017ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது. 13 வருட உத்தரவாதக் கல்வி என்பது அதன் பெயர். சாதாரண தரத்திற் சித்தியடையாத பிள்ளையும் 12ஆம் தரத்தில் தொழிற்றுறைப் பிரிவிலே சேர்ந்து படிப்பதற்கு அது இடம் தந்தது. எல்லாப் பாடசாலையிலும் இது இல்லை. தம் பகுதியில் எங்கே உண்டு என்பதை வலயக் கல்வி அலுவலகத்திலே நேரிற் சென்று கேட்பது உத்தமம்.

தொழிற் கல்வியை நம்மவர் சற்றுத் தாழ்வாகவே பார்க்கின்றனர். அந்தப் பார்வையினால் நட்டமடைவது நாமே. தேசிய தொழிற் தகைமை என்ற ஏணியிலே ஏழு படிகள் உண்டு. கீழ்ப்படிகளிலுள்ள சில பாடநெறிகளுக்குச் சாதாரண தரச் சித்தி கேட்கப்படுவதில்லை. மேற்படியிலோ பட்டத்துக்கு நிகரான தகைமை இருக்கின்றது. பதுளையிலே தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. ஸ்டோரிலே பத்து வருடம் இயந்திரம் பழுதுபார்த்தவருக்கும், கொழும்பிலே மின்வேலை பழகித் திரும்பியவருக்கும், கையிலே தொழில் இருக்கின்றது, காகிதம் இல்லை. அத்தகையோரை மதிப்பிட்டு, முன்கற்றலை அங்கீகரித்துத் தகைமை வழங்கும் முறையும் இந்த ஏணியிலே உண்டு. சான்றிதழ் ஆலைகள் 'உங்கள் வாழ்க்கை அனுபவத்துக்குச் சான்றிதழ்' என்று விளம்பரம் செய்கின்றனவே, அதன் உண்மையான வடிவம் இதுதான். வேறுபாடு என்னவென்றால், இங்கே ஒருவர் முன்னால் நின்று வேலையைச் செய்து காட்டவேண்டும்.

மேலே படிக்க விரும்புவோருக்கு, 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் நிலையம் பதுளையிலும் உண்டு. உயர்தரச் சித்தி இல்லாதவரும் அடிப்படைக் கற்கைநெறியைப் படித்து உட்புக அங்கே வழி இருக்கின்றது. வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்ற வாக்குறுதியை விளம்பரப் பலகையிலே தேடவேண்டியதில்லை. பதுளைக்கு பஸ் ஏறினாற் போதும்.

ஒரு சிறிய விடயம். சிறியதென்றாலும் தோட்டத்துப் பிள்ளைகளின் ஓராண்டை விழுங்கக்கூடியது. லயத்து வீடுகளிற் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கே கிடந்து, பிந்திக் கைக்கு வருவதை நாம் அறிவோம். வராமலே போவதும் உண்டு. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிப்பவர், கடிதம் தவறாமற் கிடைக்கும் ஒரு முகவரியை, நம்பிக்கையான கடைக்காரர் அல்லது ஆசிரியர் ஒருவரின் முகவரியை, அவருடைய சம்மதத்தோடு எழுதுவது நல்லது. தேசிய அடையாள அட்டையையும் முன்கூட்டியே எடுத்துவைக்கவேண்டும். அடையாள அட்டையிலே ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்திலே வேறொரு பெயர் என்றிருந்தால், பரீட்சைக்கு முதல்நாள் அழுது பயனில்லை.

போலியிலே பணம் கட்டிவிட்டோம் என்று அறிந்தவர் வெட்கத்தினால் மறைக்கக்கூடாது. அனுப்பிய செய்திகள், வங்கிப் பற்றுச்சீட்டு, பேசிய தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்து, பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். அந்தச் சான்றிதழை மட்டும் எந்த அலுவலகத்திலும் மீண்டும் நீட்டக்கூடாது. அறியாமல் வாங்கியவர் ஏமாந்தவர்; பொய்யென்று அறிந்த பின்னும் மெய்யென நீட்டுபவர் சட்டத்தின் முன் குற்றவாளி. இந்தப் பத்தொன்பது வயதுப் பையன் இரண்டாம் அலுவலகத்துக்குப் போகாமல் என் வீட்டுக்கு வந்தது அவன் செய்த புண்ணியம்.

அவனைப் பற்றிச் சொல்லாமல் விட்டது கொஞ்சம் இருக்கின்றது. அன்று நான் விடயத்தை விளக்கியபோது, தாய் வாய்விட்டு அழவில்லை. "அப்ப இது செல்லாதுங்களா சேர்?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து, முன்பு எப்படிச் சுற்றியிருந்தாரோ அப்படியே மீண்டும் சுற்றினார். அவருடைய தகப்பனாரின் பிரசாவுரிமைப் பத்திரத்தையும் இப்படித்தான் வீட்டிலே பெட்டிக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

பொலிஸ் நிலையத்துக்கு மூவருமாகப் போனோம். முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். பணம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை பையன் வருகின்றான். பின்னத்திலிருந்து தொடங்கவேண்டியிருந்தது, ஆறாம் வகுப்பிலேயே விட்டுப்போன இடம் அது. எனக்குக் கணிதம் கற்பித்துப் பழக்கமில்லை, தமிழ் வாத்தியார். இருவருமாகப் பாடநூலைத் திறந்துவைத்துத் தட்டித் தடவிப் போகின்றோம். சில நாள் அவன் எனக்குச் சொல்லித் தருகின்றான்.

விண்ணப்பத்திலே என்னுடைய முகவரியையே எழுதினோம். சென்ற மாதம் அனுமதி அட்டை வந்தது. மெல்லிய காகிதம், முத்திரையுமில்லை, நாடாவுமில்லை. அவன் அதைக் கையில் வாங்கி, மேலே அச்சிட்டிருந்த சுட்டெண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டு வாசித்தான். பிறகு, பசறை பஸ்ஸுக்கு நேரமாகின்றது என்று சொல்லிப் புறப்பட்டான்.